ஒரு நாள் டயர்கள்

துவரங்குறிச்சி,
கார்த்திகை மாதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பிரிட்டனிலிருந்து அனுப்பிய உன் கார் எச்சரிக்கை விளக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில், டயரைக் குறுக்கே அறுத்து வைத்தது போன்ற ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு அது; முப்பது வருடம் பஞ்சர் கடை வைத்திருந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கூடவே நீ சொன்ன இன்னொரு விஷயம் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. உனக்குத் தெரிந்த ஒருவர், கொஞ்சம் பணம் கொடுத்தால் கம்ப்யூட்டரை மாட்டி அந்த விளக்கே எரியாமல் செய்துவிடுவார்கள், வியாழக்கிழமை எம்ஓடி, அதாவது வருடம்தோறும் வண்டிக்கு அங்கே நடக்கும் தகுதிச் சோதனை, சுலபமாக முடிந்துவிடும் என்றாராம். "செய்துவிடட்டுமா அப்பா?" என்று நீ கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை.

முதலில் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ ஆகஸ்டில் வண்டி வாங்கியபோது டயரில் காற்றின் அழுத்தம் 33 பிஎஸ்ஐ இருந்ததாக மாப்பிள்ளை குறித்து வைத்திருக்கிறார். அன்று அங்கே வெயில் 20 டிகிரி. இப்போது விடியற்காலையில் பூஜ்யம் என்கிறாய். 10 டிகிரி குளிர்ந்தால் டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். ஆக மூன்று போயிற்று. ஓட்டை எதுவும் இல்லாத நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் காற்று தானாகக் கசியும். அதில் ஒரு மூன்று, நான்கு. ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது விளக்கு எரியும்படிதான் பொதுவாக வைத்திருப்பார்கள். குளிர் தொடங்கிய வாரத்தில் விளக்கு எரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் குளிர்தான் காரணம் என்று நீயே முடிவு கட்டிவிடாதே. காலையில் வண்டியை நகர்த்தும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து எழுது. ஓட்டிவிட்டு அளந்தால் சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். நான்கிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் குளிர். ஒன்றில் மட்டும் அதிகமாகக் குறைந்திருந்தால் ஆணி, அல்லது வால்வு. வால்வை நம் கடையில் எப்படிப் பார்ப்போம் என்று உனக்கு நினைவிருக்கும். விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்போம். கசிந்தால் சின்னக் குமிழி ஒன்று ஊதி ஊதி எழும். அங்கே சோப்புத் தண்ணீர் வைத்துப் பார். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் பிஎஸ்ஐ எண் அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து அடித்துவிடாதே. அடித்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் பதறாதே. சில வண்டிகளில் சக்கரத்துக்குள்ளேயே காற்றை அளக்கும் அளவி (சென்சார்) இருக்கும். சிலவற்றில் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்கிடும்; அவற்றில் காற்று அடித்ததும், இதுதான் சரியான அளவு என்று வண்டிக்கு நாம் பதிவு செய்து காட்ட வேண்டும்.

இனி எம்ஓடி. விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கங்களை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். 2012 ஜனவரி 1 முதல் ஓடத் தொடங்கிய கார்களுக்கு இந்த விளக்கும் சோதனையில் சேர்த்தி. உன்னுடையது 2016, ஆகவே பார்ப்பார்கள். ஆனால் காற்று குறைவு என்று விளக்கு எரிவதற்காக மட்டும் வண்டியைத் தள்ள மாட்டார்கள். கருவியே பழுது என்று தெளிவாகத் தெரிந்தால்தான் தோல்வி. பெரும்பாலான வண்டிகளில் பழுதென்றால், கிளப்பியதும் விளக்கு சுமார் ஒரு நிமிடம் விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக நிற்கும். உள்ளே இருக்கும் அளவியின் பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருடம்தான் வரும். உன் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. நாளைக் காலையில் கிளப்பும்போது, எரியும் விதத்தைக் கவனி. பழுதென்றால் மாற்றிவிடு. காசு நான் அனுப்புகிறேன். தோல்வி என்றே எழுதினாலும், வண்டியை அங்கேயே விட்டுப் பழுது பார்த்தால், பத்து வேலை நாளுக்குள் மறுசோதனைக்குக் கட்டணம் கிடையாது.

இதையெல்லாம் நீயே தேடிப் படித்துக்கொள்வாய். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

நம் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி நல்ல டயர்கள் அடுக்கியிருக்கும். அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாய். அவை விற்பதற்காக வைத்தவை அல்ல. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழுக்குக் காட்டப் போகும் வண்டிகளுக்கு ஒரு நாள் வாடகைக்கு விடுவதற்காக வைத்தவை. காலையில் மாட்டி அனுப்புவேன். சான்றிதழ் வாங்கித் திரும்பியதும் கழற்றிக்கொண்டு, அவர்களுடைய மொட்டை டயர்களையே திரும்ப மாட்டுவேன். "ஒரு நாள் டயர் இருக்கிறதா?" என்றுதான் கேட்டு வருவார்கள். தொழிலில் எல்லோரும் செய்கிறார்கள் என்று நானும் செய்தேன்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, மல்லிகை மூட்டை ஏற்றி மதுரையிலிருந்து திருச்சிக்கு ஓட்டும் ஒரு வேன்காரர் வந்தார். எஃப்.சி. முடிந்த மறுநாள் அவருடைய பழைய டயர்களை என் கையால் மாட்டினேன். முன்பக்க இடது டயரின் உள்ஓரத்தில் ரப்பர் போய் நூல் தெரிந்தது. விரலால் தடவினேன், பிசிறு நகத்தில் சிக்கியது. "பொங்கலுக்குள் மாற்றிவிடுங்கள் அண்ணே" என்றேன். அவரும் தலையை ஆட்டினார். வாடகையை வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதினோராவது நாள் கொட்டாம்பட்டி தாண்டி அந்த டயர் வெடித்து, வேன் புளியமரத்தில் மோதியது. அவர் தப்பித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி மகனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. பையனுக்குப் பதினாறு வயது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சாலை முழுக்கப் பூ கிடந்தது. வண்டியின் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை, கயல். எஃப்.சி. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அந்தப் பையன் இன்று வளர்ந்த மனிதர். சந்தையில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வருவார். என்னைக் கண்டால் நின்று, உன்னையும் பேத்தியையும் விசாரிப்பார். அந்த டயரை மாட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே இருந்த டயர்களை அந்த வாரமே விற்றுவிட்டேன். உட்கார இடம் போயிற்று என்று நீ அழுதாய். எஃப்.சி. வண்டிகள் அடுத்த கடைக்குப் போய்விட்டன. உன் அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரியும். உன்னிடம் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இரவு வேலை முடிந்து எம்1 சாலையில் 70 மைல் வேகத்தில் வீடு திரும்புகிறாய். பின் இருக்கையில் பேத்தியின் நாற்காலி இருக்கிறது. உனக்காகக் கண் விழித்திருக்கும் அந்த விளக்கைக் காசு கொடுத்து அவிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

விளக்கைவிட எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. வண்டி எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி விவரம் எல்லாம் இணையத்தில் வரும் என்று மாப்பிள்ளை எடுத்து அனுப்பினார். போன வருட அறிக்கையில், பின்பக்க இடது டயர் சட்ட எல்லையை நெருங்கித் தேய்ந்திருக்கிறது என்று ஆலோசனைக் குறிப்பு இருக்கிறது. விற்றவர் அதை மாற்றினாரா? அங்கே டயர் வரிகளின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பார். அதன் வெளி விளிம்புப் பட்டை கண்ணுக்குத் தெரிந்தால் டயர் முடிந்தது என்று வைத்துக்கொள். ஒரே இடத்தில் பார்க்காதே. சுற்றிலும் பார். உள்ஓரத்தைக் கட்டாயம் பார். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் முன்சக்கரங்களில் தெரியும், பின்சக்கரத்துக்குக் குனிந்துதான் ஆக வேண்டும். உள்ளங்கையால் ஒரு முறை தடவு.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3516 என்றால் 2016-இல் 35-வது வாரம் செய்தது. அந்தப் பின் இடது டயரின் நான்கு எண்களையும், நாணயம் செருகிய பள்ளத்தையும் படம் எடுத்து நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் அனுப்பு. உனக்கு ஏழு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா