தாயின் அசட்டை அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக டவுன் சின்ட்ரோம் தினமான மார்ச் 21ஐ முன்னிட்டு உங்கள் பெண்கள் பக்கத்தில் வந்த டவுன் சின்ட்ரோம் கட்டுரையை, அந்த ஒரு நாளிலாவது எங்கள் பிள்ளைகளை நினைத்தீர்களே என்ற சந்தோஷத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். நடுவில் இப்படி ஒரு வரி: "கர்ப்ப காலத்தில் தாய்மார் உணவிலும் ஓய்விலும் காட்டும் அசட்டையே இத்தகைய பிள்ளைகள் பிறப்பதற்குப் பிரதான காரணம்." இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அச்சிட்டது நீங்கள். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

என் பேரனுக்கு டவுன் சின்ட்ரோம், உடலும் அறிவும் மெதுவாக வளரும் ஒரு பிறவி நிலை. அவனைப் பெற்றபோது மகளுக்கு வயது 26. கிளினிக் ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை. திரிபோஷா சத்துமா, இரும்புச்சத்துக் குளிசை, போலிக் அமிலம் எல்லாம் குடும்பநல உத்தியோகத்தர் சொன்னபடியே எடுத்தாள். எங்களுக்கு மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல். அறுவடை நேரம் வேலைக்காரருக்குச் சோறு கொண்டு அங்கே போய்வந்தாள், அவ்வளவுதான். மருமகன் என் சொந்த அண்ணனின் மகன். அண்ணன் பெண்சாதி கெட்ட மனுஷி அல்ல. ஆனால் அன்று உங்கள் பத்திரிகையைக் கொண்டுவந்து மகளுக்கு முன்னால் விரித்து, "பேப்பர்லயே போட்டிருக்கான் புள்ள. வயலுக்குப் போகாத எண்டு நான் சொல்லக்குள்ள நீ கேட்டியா?" என்றா. மகள் பதில் பேசவில்லை. இரவு என்னிடம் வந்து, "நான் போகாம இருந்திருந்தா அம்மா?" என்று கேட்டாள். விஞ்ஞான ஆசிரியையின் மகள், உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், அவளே கேட்டாள். அச்சில் வரும் ஒரு வரிக்கு அவ்வளவு பலம்.

உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. கலப்பிரிவை, அதாவது உடம்பின் கலங்கள் (செல்கள்) பிரிவதை, சாதாரண தரத்திலேயே படிப்பிக்கிறோம். மனிதக் கலத்தில் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 46, அதாவது 23 சோடிகள். உடல் வளர்வதற்காகக் கலம் பிரியும் இழையுருப்பிரிவில், பிரிவதற்கு முன்பே ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் டிஎன்ஏயும் முழுதாகப் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கலத்தின் இரு முனைகளிலிருந்தும் கதிர்நார்கள் என்ற மெல்லிய இழைகள் பற்றி இழுக்க, ஒட்டு விட்டு ஆளுக்கொரு பக்கம் போகும். வகுப்பில் இதற்கு நான், ஊர் இரண்டு அணியாகி இழுக்கும் எங்கள் கொம்புமுறி விளையாட்டைத்தான் சொல்லுவேன்: வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம், நடுவில் கொளுவிய கொம்பு. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். முடிவில், பிரிந்து வரும் இரண்டு மகட்கலங்களிலும் 46.

முட்டையும் விந்தும் உண்டாவது ஒடுக்கற்பிரிவில். அதில் பிரதி எடுப்பது ஒரு தடவை, பிரிவது இரண்டு தடவை. முதலில் சோடிகள் பக்கத்தில் பக்கமாய்ச் சேர்ந்து தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர்போல் ஒருவர் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு சோடியில் ஒன்று இங்கே, மற்றது அங்கே என்று பிரிந்து, கடைசியில் 23 ஆகும். சில வேளை 21ஆம் சோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. அந்த முட்டையில் 24 இருக்கும். விந்தின் 23 சேர்ந்தால் 47. அதுதான் டவுன் சின்ட்ரோம். அதன் பிறகு நடக்கும் இழையுருப்பிரிவுகள் அந்த 47ஐயும் பிசகாமல் பிரதி எடுத்து உடம்பு முழுக்கக் கொண்டுபோகின்றன.

எப்போது நடக்கிறது இது? உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இதுதான். பெண்ணின் முட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, முதற் பிரிவின் முன்னவத்தையில், அதாவது தொடக்கக் கட்டத்தில், நின்றுவிடுகின்றன. அவள் வயதுக்கு வந்த பிறகு, மாதம் ஒன்றாக, முட்டை வெளிவரும் சமயத்தில் அந்த முதற் பிரிவு முடிகிறது. இரண்டாவது பிரிவு விந்து உள்ளே போன பிறகே முடியும். என் பேரன் எந்த முட்டையிலிருந்து வந்தானோ, அது மகள் என் வயிற்றில் கிடந்தபோது உண்டானது. அவள் கர்ப்பிணி என்று கிளினிக் கார்ட் போடுவதற்கு முன்பே எண்ணிக்கை தீர்ந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வயலுக்குப் போனாலும், கட்டிலிலேயே கிடந்தாலும், அன்னாசி தின்றாலும் 46 என்பது 47 ஆகாது, 47 என்பது 46 ஆகவும் மாட்டாது. குற்றம் தேடித்தான் ஆகவேண்டும் என்றால் என் வயிற்றுக்குத்தான் வரவேண்டும். அங்கேயும் ஒரு குற்றமும் இல்லை. (குளிசை வேண்டாம் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். போலிக் அமிலம் பிள்ளையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் கட்டாயம் தேவை.)

தாய்க்கு வயது ஏற ஏற வாய்ப்புக் கூடுவது உண்மை. 25 வயதில் 1,200க்கு ஒன்று என்ற அளவு, 40 வயதில் 100க்கு ஒன்று என்ற அளவு. ஆனால் இளம் தாய்மாரே கூடுதலாகப் பிள்ளை பெறுவதால், டவுன் பிள்ளைகளில் கணிசமானோர் இளம் தாய்மாருக்குப் பிறக்கிறார்கள். ஒரு சிறு பங்கில் மேலதிக நிறமூர்த்தம் தகப்பனின் விந்திலிருந்தும் வருகிறது. அதற்காக எந்தத் தகப்பனையாவது வயலுக்குப் போனாயா என்று யாராவது கேட்டதுண்டா? சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். சொந்தத்தில் கட்டுவதால் கூடக்கூடிய பரம்பரை நோய்கள் வேறு. அவை இருபக்கமும் மறைந்திருக்கும் பரம்பரையலகால் (ஜீனால்) வருபவை. 21ஆம் சோடி பிரியாமல் போவதற்கும் மச்சானைக் கட்டுவதற்கும் தொடர்பு இல்லை.

எங்கள் பகுதியில் குடி, அதாவது குலம், தாய்வழி. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்பதுவரை தாயை வைத்துத்தான். அப்படித் தாயை வைத்துப் பெருமை பேசும் சனம், பிள்ளையில் ஒரு வித்தியாசம் என்றால் பழியையும் அவளுக்கே கொடுக்கிறது. பெண்பிள்ளைகளாகப் பெற்றவளையும் விட்டுவைப்பதில்லை. பெண்ணா ஆணா என்பதை, எக்ஸ் நிறமூர்த்தமா வை நிறமூர்த்தமா என்று, விந்துதான் தீர்மானிக்கிறது என்று உங்களுக்கு முன்பு ஒரு கடிதம் எழுதினேன், அது வரவில்லை. உங்கள் கல்விப் பக்கத்தில் இழையுருப்பிரிவு என்று தலைப்பிட்டு நான்கு மகட்கலங்கள் உள்ள படத்தைப் போட்டபோதும் எழுதினேன், அதுவும் வரவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கத்தரித்து வைத்திருந்தார்கள். கிரகண நாளில் கர்ப்பிணிகள் செய்யக்கூடாதவை என்று அரைப் பக்கம் போடுவதற்கு மட்டும் உங்களிடம் எப்போதும் இடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் பத்திரிகையில் இடம் கிடைப்பது, யாராவது பெரியவரிடம் புத்தகப்பை வாங்கும்போதுதான். அந்தப் படத்திலும் பெரியவரின் பெயர்தான் இருக்கும்.

எங்கள் பெத்தாமாரை, அந்தக் காலத்துப் பாட்டிமாரை, நான் குறை சொல்லமாட்டேன். மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. டவுன் பிள்ளைகளுக்கு ஒன்று கூட இருப்பதை 1959இல் பிரான்ஸில் கண்டார்கள். உங்கள் கட்டுரையில், அதைக் கண்டவர்களில் ஒருவரான மருத்துவர் லெஜூனின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கான கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அந்த ஆய்வறிக்கையில் அவர் பெயரும் பிழையாகத்தான் அச்சானது. அதற்குப் பிறகு எவ்வளவு காலம் போய்விட்டது. இன்று ஒரு பத்திரிகைக்கு என்ன சாட்டு இருக்கிறது? மருத்துவம் படிப்பிக்கும் பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம்.

அந்த இடத்தில் தாய்மாருக்கு உதவக்கூடிய எத்தனையோ எழுதியிருக்கலாம். இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும், ஆகவே பிறந்ததும் எக்கோ என்ற இருதய ஸ்கேன் பார்க்கவேண்டும். இரத்தத்தில் நிறமூர்த்தப் பரிசோதனை செய்யவேண்டும். ஏனென்றால், சிலருக்கு 21ஆம் நிறமூர்த்தம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரலாம். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானே கேட்டுத்தான் இரத்தம் கொழும்புக்குப் போனது. கேட்கத் தெரியாத தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது நாலு வரித் திருத்தம். அதே பெண்கள் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கடிதம் நீளம் என்றால் என் குடும்பக் கதையை வெட்டிவிடுங்கள். முட்டை எப்போது உண்டாகிறது என்ற பந்தியை மட்டும் வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
களுவாஞ்சிகுடி