புகை திடமா, திரவமா, வாயுவா?

அன்புள்ள மகளுக்கு,

குட்டி கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். புகை திடமா, திரவமா, வாயுவா? மூன்றும்தான். மூன்றும் கரைந்து ஒன்றாகிவிடாமல் அருகருகே மிதக்கின்றன.

விறகுப் புகையை எடுத்துக்கொள். அதில் பெரும்பங்கு காற்று, கரியமில வாயு, நீராவி, கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் அவற்றில் மிதக்கும் பொடிசுகள்: எரியாமல் தப்பிய கரி, தாரின் நுண்துளிகள், துளி சாம்பல். பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பாடப்புத்தகம் புகையைத் 'திண்ம ஏரோசால்', அதாவது வாயுவில் மிதக்கும் திடப்பொடி என்று, கூழ்மங்களின் (ஒன்றில் இன்னொன்றின் நுண்பொடிசுகள் பரவி நிற்கும் கலவைகளின்) பட்டியலில் போட்டிருக்கும். தேர்வுக்கு அது போதும். ஆனால் விறகடுப்புச் சுவரைத் தடவினால் கரியோடு பிசுபிசுப்பும் விரலில் ஒட்டுமே, அந்தத் திரவத்துக்கு அந்தப் பெயரில் இடமில்லை.

கரி காற்றைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஏன் உடனே விழுவதில்லை என்று அடுத்துக் கேட்பாள். பொடிசு சிறுக்கச் சிறுக்க எடை வேகமாகக் குறையும், காற்றின் தடை அவ்வளவு குறையாது. 1 மைக்ரான் நீர்த்துளி அசையாத காற்றில் 1 செ.மீ. இறங்கவே ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். புகை மேலே போவது சூடான காற்று தூக்கிக்கொண்டு போவதால்தான். ஆறிவிட்டால் அந்த மட்டத்திலேயே படலமாகப் படுத்துவிடும்.

மெழுகுவத்தியில் இதைக் காட்டலாம். மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து. திரியைச் சுற்றி மெழுகு குளம்போல் உருகும்வரை எரியவிடு. இன்னொரு மெழுகுவத்தியை முன்பே ஏற்றிக் கையில் வைத்துக்கொள். அணைத்த பிறகு தீக்குச்சி உரசினால் நேரம் போய்விடும். மெல்ல ஊதி அணை. வெள்ளைப் புகை நூலாக எழும்போது, திரிக்கு 2 செ.மீ. மேலே அந்த நூலில் சுடரைக் காட்டு. நெருப்பு புகை வழியே கீழே குதித்துத் திரியைப் பற்றும். அந்த வெள்ளைப் புகை, ஆவியான மெழுகு குளிர்ந்து உறைந்த பொடிசு, அதாவது எரிபொருள். பலமாக ஊதினால் நூல் கலையும், சில விநாடி தாமதித்தால் திரி ஆறிவிடும். இரண்டிலும் பற்றாது.

பிறகு எரியும் சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகைக் காட்டு. கன்னங்கரேலென்று கரி படியும். மஞ்சளாக ஒளிர்வதே அந்தக் கரித்துகள்தான். ஒரே மெழுகுவத்தியில் இரண்டு புகை! (கரண்டி சுடும், துணி சுற்றிப் பிடி.)

ஊதுவத்திப் புகையைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பார்த்தால் நீலம் தட்டும். பொடிசுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். ஈரம் ஏறிப் பருத்துவிட்டால் எல்லா நிறத்தையும் சிதறடித்து வெளுக்கும். பீடி நுனியில் நீலமும் வாயிலிருந்து வெள்ளையுமாக வருவது அதனால்தான், ஆனால் இந்த உதாரணம் குட்டிக்கு வேண்டாம். இட்லிப் பானையிலிருந்து வரும் வெண்மை புகையே அல்ல, வெறும் நீர்த்துளி.

உங்கள் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஒளியால் வேலை செய்யும் வகை என்றால், துகளில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் கவனிக்கிறது. தாளிப்பின் எண்ணெய்த் துளிக்கும் குளியலறை ஆவிக்கும் அது அலறுவது அதனால்தான். அதற்காகப் பிளாஸ்டிக் பை கட்டி மூடாதே; ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளி.

ஒன்று மட்டும் கவனம். ஈரத்துணியும் என்95 முகக்கவசமும் துகளைத்தான் பிடிக்கும், உயிரைப் பறிக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு தாராளமாக உள்ளே போகும். நன்றாகக் கனிந்த கரித்தணலில் புகை தெரியாது, அந்த வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். குளிருக்கென்று மூடிய அறையில் சாம்பிராணித் தணலையோ கரியடுப்பையோ வைக்காதே. புகைக் கருவி அதற்குச் சத்தம் போடாது. கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி உண்டு, படுக்கையறைப் பக்கம் ஒன்று மாட்டச் சொல் மாப்பிள்ளையிடம்.

அன்புடன்,
அப்பா