அந்த அடுப்பை மட்டும் பற்றவைக்காதே

அன்புள்ள பாஸ்கர்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். செல்விகூட இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. தினா மறுபடியும் வேலையை விட்டுவிட்டானாமே? பத்தொன்பதாம் நம்பர் அறையில் அன்றைக்கே நீ சொன்னாய், நான்தான் நம்பவில்லை.

கேரவன் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு தூங்குகிற நீ, குளிர்காலத்தில் பயணமா என்று செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், "ராத்திரி ரொம்பக் குளிரினால் அடுப்பைப் பற்றவைத்துக்கொள்வோம், சின்ன இடம்தானே, சூடாகிவிடும்" என்று. அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரிக்காகத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் நான் அதையே செய்தேன், பாஸ்கர். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி மூன்று மணி இருக்கும். எங்கள் கேரவனின் ஹீட்டர் காற்றை மட்டும் ஊதியது, சூடே இல்லை. செல்வி மூச்சு விடுவது புகை மாதிரி தெரிந்தது. அடுப்பில் இரண்டு பர்னரையும் ஏற்றினேன். குளிர் உள்ளே வரக்கூடாது என்று கூரை ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் இதமாக இருந்தது, கண்ணைச் செருகியது. விஷவாயுவுக்கு எச்சரிக்கிற அலாரம் அடித்தபோது, அதன் பேட்டரிதான் தீர்ந்து கத்துகிறது என்று நினைத்து அணைக்கக் கையை நீட்டினேன். செல்வி தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளியே இறங்கியபோது கால் பஞ்சு மாதிரி இருந்தது. மறுநாள் மதியம்வரை தலைவலி.

மூடிய இடத்தில் தீ எரிய எரிய ஆக்சிஜன் குறையும், அப்போது கேஸ் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். உன் வண்டியில் பாப்பாவும் தூங்கப் போகிறாள். வேறென்ன சொல்ல?

வண்டியோடு வருகிற ஹீட்டர் அப்படி இல்லை. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடுகிறது. உள்ளே வருவது அந்தச் சூட்டில் காய்ந்த சுத்தமான காற்று மட்டும். டீசல் ஹீட்டரும் அதே வகைதான். புகைக்குழாய் வெளியே போகாத எதையும் சூட்டுக்காக உள்ளே எரிக்காதே. இன்னொன்று, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வருகிறது. அத்தனையும் உன் ஜன்னலிலும் மெத்தையின் அடியிலும்தான் போய்ப் படியும்.

சரி, அந்த ராத்திரி ஹீட்டர் ஏன் கைவிட்டது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஹீட்டருக்குள் செயில் ஸ்விட்ச் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. விசிறி வேகமாக ஊதினால்தான் அது காற்றில் தள்ளப்பட்டு இணைப்பைக் கொடுக்கும், அப்புறம்தான் தீ பற்றும். பேட்டரி வோல்ட் இறங்கினால் விசிறி சோம்பும், தகடு நகராது, தீ வராது. அதற்குப் பிறகும் விசிறி மட்டும் சுற்றி மிச்ச கரண்டையும் குடித்துவிடும். கேஸ் சிலிண்டர் முக்கால்வாசி நிரம்பியிருந்தது, தெரியுமா! நான் சிலிண்டரைத்தான் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார். என் ஹீட்டர் விசிறிக்குச் சுமார் 7 ஆம்பியர். பத்து மணி நேர ராத்திரியில் பாதி நேரம் ஓடினால் 35 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம், அதுவும் கடுங்குளிரில் இன்னும் குறையும். விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்தால் விடிவதற்கு முன்பே கதை முடிந்தது. நீ லித்தியம் பேட்டரி போட்டிருப்பதாக எழுதியிருந்தாய், நல்லது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது, கெட்டுவிடும். அதை வண்டிக்குள், சூடு படுகிற இடத்தில் வை.

இன்வெர்ட்டரில் 1500 வாட் மின் ஹீட்டர் ஓட்டலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடு. 12 வோல்ட்டில் அது 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உன் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், பொறுமையாகப் படி. எல்லோரும் பெரிய ஹீட்டர் வாங்கத்தான் ஓடுகிறார்கள். நானும் ஓடப் பார்த்தேன். செல்விதான், "இருக்கிற சூடு எங்கே போகிறதென்று முதலில் பார்ப்போமே" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியைப் பிரித்தோம். கட்டிலுக்கு அடியில் இருந்த இழுப்பறைகளைக் கழற்றினால், படுக்கையறைக்குப் போகிற காற்றுக்குழாய் ஒரு பெட்டிக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கிறது! அதுவும் தேவைக்கு இரண்டு மடங்கு நீளம், மூன்று வளைவு. மூட்டு ஒன்று கழன்று, சூடெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்த காலி இடத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நாங்கள் மேலே நடுங்கிக்கொண்டிருந்தோம். குழாயை வெட்டிக் குட்டையாக்கி, வளைவைக் குறைத்து, மூட்டுகளில் அலுமினிய டேப் சுற்றினேன். துணி டேப் சுற்றாதே, சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். அன்று ராத்திரி முதல் முறையாகப் படுக்கையறைக் காற்றுக்குழாயின் வாயில் கையை வைத்தபோது சூடான காற்று பலமாக வந்தது. சின்னப் பையன் மாதிரி செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஹீட்டர் காற்றை உள்ளே இழுக்கிற கிரில் ஒன்று இருக்குமே, அதற்கு முன்னால் எங்கள் செருப்பும் பைகளும் குவிந்திருந்தன. காற்று திரும்பி வர வழியில்லாமல் ஹீட்டர் சூடேறி, பாதுகாப்பு ஸ்விட்ச் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருக்கிறது. மாலாவிடம் இதைக் கட்டாயம் சொல்லு. உன்னிடம் சொன்னால் ஒரு வாரத்தில் அங்கே உன் ஷூ இருக்கும்.

சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓட்டி நிறுத்துகிற தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பார். எங்களுடையது சூடான காற்று வருகிற வாய்க்கு நேர் மேலே இருந்தது. தனக்குச் சூடு வந்ததும் "போதும்" என்று நிறுத்திவிடும், படுக்கையறையோ பனிக்கட்டி. இரண்டே கம்பிதான், உள்சுவரில் தள்ளி மாட்டிவிட்டேன்.

ஜன்னல்கள்தான் பெரிய ஓட்டை. முக்கியமாக முன்கண்ணாடி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனமான திரை போட்டு, ராத்திரியில் அந்தப் பக்கத்தையே பிரித்துவிடு. மற்ற ஜன்னல்களுக்கு நுரை அட்டையை அளவாக வெட்டி, துணி தைத்துச் செருகிவைக்கிறோம். கூரை ஜன்னலுக்கும் ஒரு நுரைத் திண்டு. தரையில் நுரை விரிப்பு போட்டதும் பாதம் சில்லிடுவது நின்றது. எனக்கென்னவோ, பாதம் சூடாக இருந்தால் இரண்டு டிகிரி குறைத்து வைத்தாலும் தெரிவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடாதே. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு பேர் ஒரு ராத்திரி விடுகிற மூச்சே போதும், காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழியும். உள்ளே 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். எங்கள் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடித்தது அப்படித்தான். இப்போது மெத்தைக்குக் கீழே மரச்சட்டங்களைப் போட்டுக் காற்று ஓட விட்டிருக்கிறோம், கூரைத் திண்டை ஒரு மூலையில் விலக்கி, கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தே வைக்கிறோம். சூட்டை வெளியே விடுகிற மாதிரி மனசு கேட்காது. ஆனாலும் திற.

மின் இணைப்பு இருக்கிற இடத்தில் தங்கினால் சின்ன மின் ஹீட்டர் ஓட்டலாம், கேஸ் மிச்சமாகும். அதிலும் நான் ஒரு அடி வாங்கினேன். தெர்மோஸ்டாட் இருக்கிற அறை சூடாகவே இருந்ததால் கேஸ் ஹீட்டர் ராத்திரி முழுக்க எழவே இல்லை. தரைக்கு அடியில் போகிற தண்ணீர்க் குழாய்களுக்குச் சூடு கொடுப்பது அதன் காற்றுதான். காலையில் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை, உள்ளே உறைந்துபோயிருந்தது. உறைபனி ராத்திரிகளில் கேஸ் ஹீட்டரும் இடையிடையே ஓடட்டும்.

சிலிண்டரில் என்ன கேஸ் என்றும் கேள். பியூட்டேன் சுழி டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிரில் போகிறவனுக்கு அதுதான்.

கை வலிக்கிறது. பயணக் கதைகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வண்டியில் ஏற்கனவே அலாரம் இருக்கிறதென்று எழுதியிருக்கிறாய். பழைய வண்டி என்பதால் கேட்கிறேன், அது கேஸ் கசிவுக்கா, கார்பன் மோனாக்சைடுக்கா? இரண்டும் வேறு. கசிகிற கேஸ் கனம், தரையோரம் தேங்கும், அதனால்தான் அந்த அலாரம் கீழே இருக்கும். மோனாக்சைடு காற்றோடு கலந்து எங்கும் பரவும். அந்த அலாரம் நீங்கள் தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உன் வண்டியில் இருப்பதைக் கழற்றிப் பின்பக்கம் பார், காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதியை எனக்கு எழுதி அனுப்பு. பதில் வரும்வரை செல்வி என்னைத் தூங்க விடமாட்டாள்.

அன்புடன்,
ரகு