பெட்டிக்குள் மறைத்த ஆயுதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நூற்றாண்டுகளின் போலி வைத்தியர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சந்தையில் மருந்து பாட்டில் விற்றவர்களையும் ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கியவர்களையும் மட்டுமே அது குற்றம் சொல்கிறது. முறையாகத் தொழில் கற்று, அரண்மனை வரை போய்வந்தவர்கள் செய்ததையும் எழுதியிருக்க வேண்டும். நான் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சேம்பர்லென் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆறவே இல்லை.

ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுப்பது என்கிறோமே, அந்த ஆயுதத்தைச் சுமார் 1600-இல் இங்கிலாந்தில் உருவாக்கியவர்கள் அவர்கள்தான். குழந்தையின் தலையை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் வளைந்த இரண்டு அலகுகள், அவ்வளவுதான். அன்றெல்லாம் தலை சிக்கிக்கொண்டால், தாயாவது பிழைக்கட்டும் என்று குழந்தையைத் துண்டு துண்டாகத்தான் எடுப்பார்கள். உயிரோடு எடுக்க வழி தெரிந்திருந்தும் அந்தக் குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆயுதத்தைப் பெரிய பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவார்களாம், வலியில் துடிக்கும் தாயின் கண்ணைக்கூடக் கட்டிவிடுவார்களாம்.

1670-இல் ஹியூ சேம்பர்லென் பாரிஸுக்குப் போய் ரகசியத்துக்கு விலை பேசினார். மோரிசோ என்ற பிரசவ மருத்துவர், இடுப்பெலும்பு கோணிப்போன ஒரு கர்ப்பிணியைக் காட்டி, முதலில் செய்து காட்டுங்கள் என்றார். சில நிமிடம் போதும் என்ற ஹியூ மூன்று மணி நேரம் போராடியும் முடியவில்லை. தாயும் போனாள், பிள்ளையும் போனது. பேரம் முறிந்தது. அப்புறம் அதே மோரிசோவின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முன்னுரையில் காரணம் சொன்னார்: அப்பாவும் சகோதரர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள், ரகசியத்தை வெளியிட்டால் அவர்களுக்கு நஷ்டம். எத்தனை தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்! இதை எழுத எப்படிக் கை வந்தது?

கண் மருத்துவர் ஜான் டெய்லரையும் சொல்ல வேண்டும். லண்டனில் பயின்றவர், மன்னர் இரண்டாம் ஜார்ஜின் கண் மருத்துவர். 1750-இல் இசைமேதை பாக்கின் கண்ணில் இரண்டு முறை அறுவை செய்தார். பார்வை திரும்பவில்லை, சில மாதங்களில் பாக் இறந்தார்.

சேம்பர்லென்களின் ஆயுதங்கள் 1813-இல்தான் எசெக்ஸில் அவர்கள் வாழ்ந்த வீட்டில், தரைப் பலகைக்கு அடியிலிருந்து கிடைத்தன. அதற்கு வெகுகாலம் முன்பே வில்லியம் ஸ்மெல்லி போன்ற பிரசவ மருத்துவர்கள் ஆயுதப் பிரசவத்தை மாணவர்களுக்கு வெளிப்படையாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கட்டுரையின் அடுத்த பகுதியில் சேம்பர்லென்களுக்கும் டெய்லருக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்