சபை பாட வேண்டிய பாட்டு

அன்பு மகளுக்கு,

சபையில் பாட்டுகளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம்மா. பிரசங்கத்தை மறந்துவிடுகிறவர்கள்கூடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். அதனால் இது போதகருடைய வேலைக்கு அடுத்த வேலை என்று நினைத்துச் செய்.

நம்முடையது போன்ற பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பிஷப் கிடையாது. இந்த ஞாயிறு இந்தப் பாட்டு என்று யாரும் எழுதி அனுப்பவும் மாட்டார்கள். ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கிறது. நல்ல சுதந்திரம்தான். ஆனால் தெரிந்தெடுப்பவரின் ரசனையே சபையின் ரசனையாகிவிடும். உனக்குப் பிடித்த பத்துப் பாட்டையே சுற்றிச் சுற்றிப் பாடவைக்காதே.

சபையாகச் சேர்ந்து பாடுவதே ஒரு காலத்தில் பாப்டிஸ்டுகளுக்குள் பெரிய சண்டை, தெரியுமா? 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற போதகர், கடைசி இராப்போஜனத்துக்குப் பின் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடினார்களே என்று, முதலில் திருவிருந்துக்குப் பிறகு மட்டும் பாடவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது ஞாயிறுதோறும் என்றானது. எழுதிவைத்ததைப் பாடினால் ஆவியானவருக்கு இடம் எங்கே என்று கேட்டு எதிர்த்தார்கள். சிலர் சபையை விட்டே போனார்கள். கீச் 1691-இல் பதிலுக்கு ஒரு புத்தகமே எழுதினார். இப்படிப் போராடி வாங்கியதை ஐந்தாறு பேர் மைக்கில் பாட, மற்றவர்கள் நின்று பார்ப்பதாக நாம் மாற்றிவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பேர்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனுடைய சபையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆர்கன் இல்லாமலே பாடினார்கள். பாட்டை எடுத்துக்கொடுக்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

அதனால் ஸ்கேலை, அதாவது பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதைப் பார். ரெக்கார்டிங்கில் இருப்பது அந்தப் பாடகரின் குரலுக்கு ஏற்றது. சாதாரண ஆளுக்குக் குரல் மேல் ‘டி’ (D) சுரம் வரைக்கும்தான் வசதியாக ஏறும். அதற்கு மேலே போய்க்கொண்டே இருந்தால், முதலில் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தயங்காமல் இறக்கிவிடு. டிரம்ஸ் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்கவில்லை என்றால் அதையும் குறைக்கச் சொல். ‘ஒருவருக்கொருவர் போதித்து’ என்று பவுல் பாட்டைப் பற்றித்தானே கொலோசெயருக்கு எழுதுகிறார்? கேட்காமல் எப்படிப் போதிப்பது?

நாலு சரணப் பாட்டில் மூன்றாவதை விட்டுவிடும் பழக்கம் பாப்டிஸ்ட் சபைகளில் ரொம்ப நாளாக உண்டு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பாவத்தில் தொடங்கி, சிலுவை வழியாக, உயிர்த்தெழுதலுக்குப் போகிற பாட்டில் சிலுவையை வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? நேரமில்லையா, ஒரு பாட்டையே குறைத்துவிடு.

எல்லாமே சந்தோஷப் பாட்டாக எடுக்காதே. ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று கேட்கிற 13-ஆம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது. துக்கத்தோடு வருகிறவர்கள் வாய் திறந்து பாட ஒரு பாட்டாவது வேண்டும்.

ஞானஸ்நானத்தன்று எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டையே எடு. தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் புத்தகத்தைப் பார்க்க மாட்டார்கள். புதுப் பாட்டு ஒரு நேரத்தில் ஒன்று போதும்; மூன்று நான்கு வாரம் தொடர்ந்து பாடவை.

அப்புறம், பிரசங்கத்துக்கான வேதப் பகுதியைப் போதகரிடம் வாரத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடு. அதை வாசித்த பிறகு பாட்டுப்புத்தகத்தைத் திற. முதல் ஞாயிறுக்கு நீ எடுக்கும் பாட்டுகளை எனக்கும் எழுதி அனுப்பு, நானும் பாடிப் பார்க்கிறேன்.

ஜெபத்துடன்,
அம்மா