ரீமிக்ஸ் பண்ணவங்க பேரு எங்க சார்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல "வாங்கக் கூடாத ஆல்பங்கள்"னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல இங்கிலாந்து எலக்ட்ரானிக் பாப் குழு டெபெஷ் மோட் 2011ல விட்ட ரீமிக்ஸ் தொகுப்பு, 81ல இருந்து 11 வரைக்கும் உள்ள பாட்டுங்க, மூணு சிடி செட்டு, அதைப் பத்தி உங்க விமர்சகர் எழுதினது மொத்தமே ஏழு வரி. அந்த ஏழுல ஒண்ணு, "பழைய சோத்தைத் தாளிச்சு புது இலையில பரிமாறியிருக்கிறார்கள்". படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு, அப்புறம் ராத்திரி தூக்கம் வரல.

நம்ம ஊர்ல ரீமிக்ஸ்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததா சார். எம்.எஸ்.வி. பாட்டை எடுத்து அடில ஒரு டமடம போட்டு நடுவுல யாராவது "யோ யோ"ன்னு கத்தினா அது ரீமிக்ஸ். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, நியாயமான கோபம்தான். ஆனா அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிட்டுப் போய் இங்கிலாந்துல பேசில்டன்ல இருந்து வந்த பசங்க மேல போட்டா எப்படி? அங்க 12 இன்ச் சிங்கிள்னு ஒண்ணு, எல்பி சைஸ்ல ஒரே பாட்டை நீட்டிப் போட்ட ரெக்கார்டு, இருந்துச்சு, டிஸ்கோ காலத்துல இருந்தே, கிளப்ல டிஜே ஒரு பாட்டுல இருந்து அடுத்த பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெறும் டிரம்ஸ் வேணும், அதுக்காகவே பாட்டை நீட்டி, பிரிச்சு, குரலைத் தனியா பேஸைத் தனியா எடுத்து அடுக்குவாங்க. அது தாளிப்பு இல்ல சார், அது தனி சமையல்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. 87, 88ல மதுரையில எங்க மாமாவோட ரெக்கார்டிங் சென்டர்ல நான்தான் ஆபரேட்டர். எங்க மூலதனமே ஒரு டர்ன்டேபிள், ரெண்டு டெக், சிங்கப்பூர்ல இருந்து யாராவது கொண்டு வர்ற ரெக்கார்டு, அவ்வளவுதான். ஒரு நாள் மெடிக்கல் காலேஜ் பையன் ஒருத்தன் பெரிய சைஸ் ரெக்கார்டு கொண்டு வந்தான், எல்பின்னு நினைச்சு 33 சுத்து வேகத்துல வச்சுட்டேன், பாடுறவர் மயக்க ஊசி போட்ட மாதிரி இழுக்கிறாரு, நான் ஏதோ நவீன இசை போலன்னு முழுசா அப்படியே டேப்ல ஏத்திக் குடுத்துட்டேன். மறுநாள் அந்தப் பையன் வந்து, "அண்ணே, இது 45ல ஓடணும்ணே, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டுதான்ணே"ன்னான். மாமா கேசட் காசை என் சம்பளத்துல பிடிச்சாரு. திரும்ப 45ல வச்சு ஹெட்போன் மாட்டினேன், பேஸ் நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துச்சு, அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்தப் பைத்தியம். அப்புறம் டெபெஷ் மோடோட 87ம் வருஷத்துப் பாட்டு ஒண்ணோட "ஸ்ப்ளிட் மிக்ஸ்" வந்துச்சு, ஒன்பதரை நிமிஷம், பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடுற சி-60 கேசட்ல ஒரு பக்கத்துக்கு மூணு பாட்டுக்கு மேல நிக்காது, கஸ்டமர் சண்டைக்கு வருவாங்க, காசுக்கு ஏத்த பாட்டு இல்லன்னு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். "புதுசா ஒண்ணுமில்லை"ன்னு எழுதியிருக்காரே, அந்த ஆல்பத்தோட அட்டையைத் திருப்பியாவது பாத்தாரா? அதுல வின்ஸ் கிளார்க் ஒரு ரீமிக்ஸ் பண்ணியிருக்காரு. வின்ஸ் கிளார்க் யாரு? 81ல முதல் ஆல்பத்துக்கு முக்கால்வாசிப் பாட்டு எழுதிக் குடுத்துட்டு அதே வருஷம் வெளிய போனவரு, போய் யாஸூ, இரேஷர்னு வேற குழுங்க ஆரம்பிச்சு தனிக்குடித்தனம் வச்சவரு. அவரு 30 வருஷம் கழிச்சு வந்து கை வச்ச பாட்டு 87ல வந்தது, அதாவது அவரு போனப்புறம் பொறந்த பாட்டு. இன்னொருத்தர் ஆலன் வைல்டர், 95ல விலகினாரு, அவரு எடுத்துக்கிட்டது 2009 ஆல்பத்துப் பாட்டு. பாகம் பிரிஞ்சு போன அண்ணன் தம்பி தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து பந்தியில பரிமாறுற மாதிரி சார் அது. அதுல "புதுசா ஒண்ணுமில்லை"யா? கிளார்க்கும், அவரு போனப்புறம் குழுவுக்குப் பாட்டு எழுதின மார்ட்டின் கோரும் மறு வருஷம் ரெண்டு பேர் மட்டும் சேர்ந்து ஒரு டெக்னோ ஆல்பமே போட்டாங்க. உங்க ஆளுக்கு அதெல்லாம் தேவையில்ல.

ஒரிஜினல்தான் புனிதம்னு வேற ஒரு வரி. அவங்களோட "என்ஜாய் த சைலன்ஸ்" பாட்டு ஒரிஜினல் எப்படி வந்துச்சு? கோர் மெதுவா ஆர்மோனியம் வச்சுப் பாடி டெமோ கொண்டு வந்தாரு, வைல்டர்தான் வேகத்தை ஏத்தலாம்னு சொன்னாரு, கோருக்கு முதல்ல பிடிக்கவே இல்ல. 90ல ஊரே ஆடின அந்த ஒரிஜினலே ஒரு கணக்குல ரீமிக்ஸ்தான். அதை அவங்க 2004ல விட்ட முந்தின ரீமிக்ஸ் தொகுப்புக்காக அமெரிக்க ராக் குழு லிங்கின் பார்க்கோட மைக் ஷினோடா மறுபடி பிரிச்சுப் போட்டாரு, பாட்டு வந்தப்ப அவரு ஸ்கூல் பையன், அது இங்கிலாந்துல டாப் 10க்குள்ள போச்சு. நான் எல்லா ரீமிக்ஸும் பிரமாதம்னு சொல்ல வரல. மூணு சிடில பாதி எனக்கே ஆகாது, கார்ல போறப்ப தாண்டித் தாண்டித்தான் போவேன். ஆனா திட்டுறதுன்னா யாரைத் திட்டுறோம்னு பேரு சொல்லித் திட்டணும்ல?

அதான் சார் என் ஆதங்கமே. ரீமிக்ஸ் ஆல்பத்துக்கு விமர்சனம், ரீமிக்ஸ் பண்ணவன் பேரு ஒண்ணு கூட இல்ல. உங்க பத்திரிகைக்கு இது பழக்கம்தான். 2022ல இதே குழுவோட ஆண்டி ஃப்ளெட்சர் செத்தப்ப நாலு வரி போட்டீங்க, படம் வேற ஏதோ பேண்டோடது. அதுக்கு முன்னாடி ஒரு தடவை "டெப்த் மோடு"ன்னு அச்சாச்சு, ஏதோ கேமரா செட்டிங் மாதிரி. ரெண்டுக்கும் எழுதினேன். முதல் கடிதம் வரவே இல்ல. ரெண்டாவது ஆறு பக்கம் எழுதினது, "கட்டுரை அருமை, மதுரை வாசகர்"னு நாலு வார்த்தையா வந்துச்சு. நான் அருமைன்னு எழுதவே இல்ல சார். அதுவும் ஒரு ரீமிக்ஸ்தான், பண்ணவர் பேரு போடல.

பெருசா ஒண்ணும் கேக்கல, மன்னிப்பும் வேணாம். அடுத்த இதழ்ல ஓரமா ஒரு வரி: கிளார்க், வைல்டர் ரெண்டு பேரும் அந்த 2011 ஆல்பத்துல ரீமிக்ஸ் பண்ணியிருக்காங்கன்னு. இடம் இருந்தா 2004 தொகுப்புல உள்ள ஷினோடா, கோல்ட்ஃப்ராப், அண்டர்வேர்ல்ட், வியன்னா ஜோடி குரூடர், டோர்ஃப்மைஸ்டர் பேரையும் சேத்துக்கங்க. இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் போடுவீங்க, தெரியும். என்னைப் பத்தின கதையெல்லாம் எடுத்துடுங்க, அந்தப் பேருங்களை மட்டும் விட்டுடுங்க.

இப்படிக்கு,
முன்னாள் ரெக்கார்டிங் சென்டர் ஆபரேட்டர்,
மதுரை.

பி.கு.: நான் ஆண்டு சந்தாதாரர். போன இதழ் இன்னும் வீட்டுக்கு வரல. விமர்சனத்தை சலூன்ல முடிவெட்டிக்கிட்டே படிச்சேன், பாதில கடைக்காரர் "தலையை ஆட்டாதீங்க சார்"னு ரெண்டு தடவை சொல்லிட்டாரு.