எப்போதும் தோற்கும் சென்செய்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் ரகு,

உன் கடிதம் வந்து கனநாள். வேளாண்மை வெட்டு முடியும்வரை பேனை பிடிக்க நேரமில்லை. நெல் விலையைப் பற்றிக் கேட்காதே, தொடங்கினால் வேறொன்றும் எழுதமாட்டேன். அம்மாவைப் போய்ப் பார்த்தேன், சுகமாக இருக்கிறார். உன் மகளின் படத்தை எனக்கு மூன்று தரம் காட்டினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்த வயதில் மரவாள் தூக்கியிருக்கிறேன் மச்சான், சிரிக்காதே. இங்கே கொஞ்சப் பேர் சேர்ந்து கெண்டோ, அதுதான் ஜப்பானிய வாள்வித்தை, பழகுகிறோம். போன மாதம் ஜப்பானில் இருந்து ஒரு மூத்த சென்செய், அதாவது ஆசிரியர், வந்து தங்கிப் பழக்கினார். ஆளுக்கொரு கவசம் எங்களிடம் இல்லை என்பதால், கவசமே வேண்டாத கட்டாவை, அதாவது முன்பே வகுத்த அசைவுகளின்படி செய்யும் பயிற்சியை, எடுத்துக்கொண்டார்.

நாம் கராத்தேயில் பழகிய கட்டா தனியாக ஆடுவது. காற்றைக் குத்திவிட்டு நாமே வென்றதாக நினைத்துக்கொள்வோம். இதில் இரண்டு பேர். உச்சிதாச்சி முதலில் தாக்குவார், ஷிதாச்சி அதைச் சமாளித்து வெல்வார். தாக்கும் பக்கம் மூத்தவருடையது. அதனால் பத்துக் கட்டாவிலும் தோற்கிறவர் ஆசிரியர்தான்! நம்முடைய பழைய மாஸ்டர்மாரை நினைத்துப் பார், ஒருத்தராவது நம்மிடம் தோற்க இணங்கியிருப்பார்களா?

தோற்பதென்றால் விட்டுக்கொடுப்பது இல்லை. முதலாம் கட்டாவில் இருவரும் வாளைத் தலைக்கு மேல் தூக்கியபடி மூன்று அடி நெருங்குவோம். அவர் ‘யா’ என்று கத்திக்கொண்டு என் உச்சியைக் குறிவைத்து, வாள்பிடியோடு சேர்த்துப் பிளப்பதுபோல் இறக்குவார். நான் பின்னால் நகர்ந்துகொள்ள, வாள் முகத்துக்கு முன்னால் இறங்கிப் போகும், அந்தக் காற்று நெற்றியில் படும். குறி தப்பியதில் அவர் உடம்பு சற்றே முன்னால் சாயும். அந்த நேரத்தில் ‘டோ’ என்று அவர் தலையில் வெட்ட வேண்டும், மயிரிழையில் நிறுத்தவும் வேண்டும். எங்கள் பொடியன் ஒருத்தன் பயத்தில் முந்தியே பின்வாங்கினான். சென்செய் வாளை இறக்கவே இல்லை. மேலேயே பிடித்தபடி, அவன் திரும்ப வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெய்யாக வெட்டினால்தான் இவன் மெய்யாகத் தப்பப் பழகுவான், இல்லாவிட்டால் அது வெறும் நடனம்.

நம்மூர்க் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எல்லா வேடத்துக்கும் ஆடிக் காட்டிவிட்டு, அரங்கேற்றத்தன்று களரியைப் பிள்ளைகளுக்கு விட்டு மத்தளத்தோடு நிற்பாரே, எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. அதில் ஒருத்தரும் வெட்டுப்படுவதில்லை. அவர் நெஞ்சுக்குழிக்குக் குத்த வருவார், நாம் அதைத் தளர்த்தி விலக்கித் திருப்பிக் குத்தி, வாள்முனையை அவர் முகத்துக்கு நேரே வைத்தபடி முன்னேற, அவர் பின்வாங்கிக்கொண்டே போவார். அவ்வளவுதான். கொல்லாமலே முடிகிறது. ஆனால் அந்த முன்னேறலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அவர் பின்வாங்குவது பொய்யாகத் தெரியும். கால்கள் தரையில் வழுக்க வேண்டும், எங்கள் ஹோல் தரையிலோ எப்போதும் கடற்கரை மணல்.

ஜப்பானில் பள்ளிக்கூடங்களில் வாள்வித்தை வந்தபோது ஒவ்வொரு மரபும் ஒவ்வொரு மாதிரிப் பழக்கியதாம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்று தக்கானோ சசபுரோ, நைத்தோ தக்கஹாரு போன்ற வாள் ஆசிரியர்கள் இருந்த குழு 1912இல் இந்தப் பத்தையும் வகுத்தது. ஏழு நீண்ட வாளுக்கு, கடைசி மூன்றில் ஷிதாச்சிக்குக் குறுவாள்.

வாள்களை இங்கேயே ஒரு தச்சாசாரி முதிரை மரத்தில் செய்துதந்தார். சென்செய் ஒவ்வொன்றையும் பெருவிரலால் நீளத்துக்குத் தடவிப் பார்த்து, வெடிப்பு விழுந்த ஒன்றை ஒதுக்கினார். மற்றவை நல்லதென்றார், பாரம்தான் அதிகமாம். என் தோளுக்கும் அதே அபிப்பிராயம்.

ஆவணியில் வருகிறாய் என்று அம்மா சொன்னா. அங்கே ஓக் மரத்தில் செய்த குறுவாள் கிடைக்கும், ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர் நீளம். ஒன்று வாங்கி வா, காசு தருகிறேன். கைப்பையில் மட்டும் வைக்காதே, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

அன்புடன்,
தேவன்